வீட்டில் சும்மா இருந்தவளுக்கு வந்த நோய்

இதைப் படித்துவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். "தைரியமா இருங்க", "நல்லதையே நினைங்க", "எங்க அத்தைக்கும் இப்படித்தான் இருந்துச்சு, இப்ப ஓடியாடி வேலை செய்யறாங்க" என்று ஒரு வருடமாகக் காது புளிக்கக் கேட்டுவிட்டேன். உங்கள் அத்தைக்கு வந்தது இதுவாக இருக்காது. இது அபூர்வமான நோய். அந்தப் பெருமை ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

நாலாவது கீமோ முடிந்திருக்கிறது. அடுத்ததற்கு இன்னும் சில நாள் இருக்கிறது. கை நடுக்கம் குறைந்து பேனா பிடிக்க வருகிறது. நாக்கில் இரும்புத் துண்டை வைத்தது போன்ற ருசி மட்டும் போகவில்லை. மறுபடி படுக்கையில் விழுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கஸ்தூரி. வயது ஐம்பத்தெட்டு. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் பக்கத்துச் சந்து ஒன்றில் வீடு. அந்தக் காலத்துப் பத்தாவது பாஸ். ஒரே மகள் ரேவதி, தி.நகரில் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறாள், மேற்கு மாம்பலத்தில் குடித்தனம். என் வீட்டுக்காரர் பெயர் தனபால். முப்பத்தாறு வருடமாகப் பெயர் சொல்லாமல் மரியாதை கொடுத்தாயிற்று. இதில் பெயர் சொல்லித்தான் எழுதப் போகிறேன். ஏன் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

முதலில் மூச்சு வாங்கியது. மாடிக்குத் துணி காயப்போடப் போனால் ஏழாவது படியில் நின்றேன். பிறகு ஐந்தாவது படியில். வலப்பக்கம் விலாவில் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருப்பது போல ஒரு பாரம். திருவல்லிக்கேணியில் ஒரு கிளினிக்கிற்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார் அந்த டாக்டர். சீட்டில் எழுதிக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"என்னம்மா வேலை பண்றீங்க?"

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். சும்மா வூட்லதான் கீறேன்."

இதைச் சொன்னது நான்தான். என் வாயால், யாரும் வற்புறுத்தாமல், கொஞ்சம் வெட்கச் சிரிப்போடு கூடச் சொன்னேன். அவர் 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல் அதற்குப் பிறகு என் ஃபைலோடு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வந்தது. ஒவ்வொரு டாக்டரும் முந்தைய டாக்டர் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதினார்.

நீர் எடுப்பது எப்படி என்றால், ஒரு மேசை மேல் தலையணை வைத்து அதில் கவிழ்ந்து உட்காரச் சொல்வார்கள். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, இரண்டு விலா எலும்புக்கு நடுவே தடிமனான ஊசியை விடுவார்கள். இருமக் கூடாது. எனக்கு அப்போதுதான் இருமல் வரும். டீ டிகாஷன் நிறத்தில் ஒன்றேகால் லிட்டர் வந்தது. அதைச் சோதித்தார்கள், சரியாக எதுவும் பிடிபடவில்லை. இந்த ஊரில் நெஞ்சில் நீர் கோத்தால் பெரும்பாலும் டி.பி.தான் என்று சொல்லி ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்துவிட்டார்கள்.

ஆறு மாதமும் விழுங்கினேன். சிறுநீர் ஆரஞ்சு கலரில் போனது. வாய் கசந்து பத்துக் கிலோ இளைத்தேன். என் தட்டையும் தம்ளரையும் நானே தனியாக வைத்துக்கொண்டேன். ரேவதியின் பிள்ளை ஓடி வந்தால் "கிட்ட வராதே" என்று விரட்டினேன். இல்லாத நோய்க்காகப் பேரனை விரட்டிய அந்த ஆறு மாதத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

மாத்திரை முடிந்த மாதமே நீர் திரும்பியது. தனபால் இந்தமுறை நந்தனம் பக்கம் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஏ.சி. குளிரில் பல் கிட்டியது. நோயாளிகள் உட்காரும் இடத்தில் பெரிய டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பாதிப்பேர் வெறும் வயிற்றோடு சோதனைக்குக் காத்திருக்கும் இடத்தில் மட்டன் சுக்கா செய்து காட்டுகிறவர்களை என்ன சொல்வது! ரேவதி கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து என் காலுக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டாள். குனிந்து அவள் மாட்டியபோது அவள் தலையில் நரை பார்த்தேன். முப்பத்து மூன்று வயதில் நரை.

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறை தடித்துப்போயிருக்கிறது என்றார்கள். விலாவில் சின்னத் துளை போட்டு, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, அந்த உறையிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று நடந்ததை மறக்க மாட்டேன். டாக்டர் அறைக் கதவைத் திறந்து நர்ஸ் என்னைப் பார்த்தாள். "பேஷன்ட் வெளிய இருக்கட்டும். அட்டெண்டர் மட்டும் வாங்க." தனபாலும் ரேவதியும் உள்ளே போனார்கள். நெஞ்சு என்னுடையது, நீர் என்னுடையது, துளை என்னுடையது. நான் வெளியே. இது நம் ஊர் வழக்கம், எனக்குத் தெரியும். என் மாமியாருக்கு வயிற்றில் கட்டி வந்தபோது நானும் இதே மாதிரி உள்ளே போனவள்தான். வெளியே வந்து "வாயுத் தொல்லையாம்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னவளும் நான்தான்.

தனபால் வெளியே வந்தார். "சளி கட்டிக்கினு கீதாம். மருந்து குடுத்தா கரஞ்சிடும்" என்றார்.

"ரேவதி எங்க?"

"பாத்ரூம் போயிருக்கு."

சளிக்கு யாரும் பாத்ரூமில் போய் இருபது நிமிஷம் நிற்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஃபைலைத் திறந்தேன். பத்தாவது பாஸ் செய்தவளுக்கு அந்த ஆங்கில வார்த்தையைப் படிக்க அகராதி தேவையில்லை. புற்றுநோய். நுரையீரலில் தோன்றி உறைக்குப் பரவியது என்று எழுதியிருந்தது. பயமாக இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை, ரொம்பப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்தைவிட, என்னைக் குழந்தை மாதிரி வெளியே உட்கார வைத்தார்களே என்ற ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். இனி என் உடம்பைப் பற்றிய எந்த முடிவும் என் காதுக்கு வராமல் நடக்கக் கூடாது. எத்தனை நாள் இருப்பேன் என்பது என் கையில் இல்லை. எப்படி இருப்பேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

ரேவதியைப் பிடித்து, "நீயும் உங்க அப்பனோட சேர்ந்து எனக்குச் சளின்னு சொன்னீன்னா அப்புறம் நான் உன்கூட பேச மாட்டேன்" என்றேன். அவள்தான் விசாரித்து, அடையாறு பக்கம் புற்றுநோய்க்கென்றே இருக்கிற ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா. என் வயதுதான் இருக்கும். ஃபைலை முழுவதும் படித்தார். நாங்கள் பார்த்த டாக்டர்களில் முழுவதும் படித்தவர் அவர் ஒருவர்தான். படித்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க" என்றார் தனபாலையும் ரேவதியையும் பார்த்து.

தனபால் தயங்கினார். "இல்ல மேடம், அதுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொல்றேன்."

"நோய் அவங்களுக்குத்தானே வந்திருக்கு? அவங்களே சொல்லட்டும்."

கதவு மூடியதும் அவர் என்னிடம் வேலை என்ன என்று கேட்கவில்லை. "கல்யாணமான புதுசுல ஒரு நாள் எப்படிப் போகும் உங்களுக்கு? காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க" என்றார். இந்த அம்மாவுக்கு என்ன, கதை கேட்கிற நேரமா இது என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னேன். அஞ்சு மணிக்குக் குழாயடி. அப்புறம் சமையல். அவருக்குச் சாப்பாடு கட்டி அனுப்புவேன். ரேவதியைத் தூளியில் போட்டுவிட்டு, சாயங்காலம் வரைக்கும் பேக்கிங் வெட்டுவேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "பேக்கிங்னா?"

"சைலன்சர் பேக்கிங், இன்ஜின் பேக்கிங். ரெண்டு இரும்பு நடுவுல வெக்கிறது, சூடு தாங்கும். இவரு பட்டறைலேர்ந்து ஷீட்டு எடுத்தாந்து போடுவாரு. பஞ்ச் வெச்சு கொட்டாப்புளியால ஒரு அடி அடிச்சா வட்டமா வந்துடும். ஓரத்த உப்புத்தாள்ல தேய்ச்சு, டஜன் டஜனா கம்பில கோத்து வெப்பேன்."

"ஷீட் பார்க்க எப்படி இருக்கும்?"

"சாம்பல் கலரு. கிழிச்சா நூல் நூலா வரும். தூசி பறக்கும் டாக்டர், சாயங்காலம் பெருக்கினா ஒரு மொறம் வரும்."

"எத்தனை வருஷம் பண்ணீங்க?"

"பதினாலு வருஷம்."

"வேலை எதுவும் பார்த்ததில்லைன்னு எழுதியிருக்கே?"

"அது வேலை இல்லயே டாக்டர். வூட்ல ஒக்காந்துக்கினு பண்றதுதானே."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். அந்தச் சாம்பல் ஷீட்டில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். கண்ணுக்குத் தெரியாத அதன் நார்கள் மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சின் உறையில் குத்திக்கொண்டு முப்பது, நாற்பது வருடம்கூடச் சும்மா இருக்குமாம். அப்புறம் ஒரு நாள் வேலையைக் காட்டும். பதினாலு வருடம், நாளுக்கு ஏழு மணி நேரம், முதுகு ஒடிய நான் அடித்த அடியை நானே வேலை என்று சொல்லவில்லை. தனபால் பட்டறையில் பார்த்தது வேலை, வீட்டில் நான் பார்த்தது பொழுதுபோக்கு! எங்கள் சந்தில் எட்டுப் பெண்கள் பேக்கிங் வெட்டினோம். எட்டுப் பேரில் யாரைக் கேட்டிருந்தாலும் சும்மா இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்போம்.

டாக்டரம்மா தனபாலைக் கூப்பிட்டார். ஃபைலில் ஒரு இடத்தைக் காட்டினார். "நந்தனத்து டாக்டர் உங்ககிட்ட கேட்டிருக்கார். ஆஸ்பெஸ்டாஸ் தூசியோட பழக்கம் உண்டான்னு. இல்லைன்னு பதில் எழுதியிருக்கு. யார் சொன்னது?"

தனபால் தரையைப் பார்த்தார். அவர் பக்கத்தில் ரேவதியும் வந்து நின்றிருந்தாள். அவளும் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் மேடம்."

முந்தைய துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருப்பார்களாம். அதை நந்தனத்திலிருந்து வரவழைத்து வேறு சாயங்கள் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் தெரிந்தது. நுரையீரல் புற்று இல்லை. உறையிலேயே தோன்றும் புற்று. பெயர் மீசோதெலியோமா. பெயர் மாறினால் மருந்தும் மாறுகிறது, அதனால்தான் அவ்வளவு பாடு. பிறகு உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினார். இந்த நோய் யாருக்காவது வந்து, என்னைப் போல வெளியே உட்கார வைக்கப்பட்டிருந்தால், அவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

தலையணைக்கு இரண்டு உறை போட்டது போல நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வு. நோய் ஒரு பக்கத்துச் சவ்வோடு நின்றால் முதல் கட்டம். அதே பக்கத்தில் அருகிலிருக்கும் நெறிக்கட்டிகளைத் தொட்டால் இரண்டாவது. இந்த இரண்டிலும், உடம்பில் தெம்பும் இருந்தால், சிலருக்கு ஆபரேஷன் செய்து பார்ப்பார்கள். நுரையீரலை விட்டுவிட்டு, சவ்வை மட்டும் உரித்தெடுப்பது. முன்பெல்லாம் நுரையீரலையே சேர்த்து எடுத்தார்களாம், இப்போது அது அரிது. உரித்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதற்குக் கீமோவும் வேண்டும். அந்த ஆபரேஷனால் ஆயுள் நிஜமாகக் கூடுகிறதா என்று டாக்டர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறதாம். அதையும் மறைக்காமல் சொன்னார்.

மூன்றாவது கட்டம், நெஞ்சுச் சுவருக்குள்ளோ தள்ளியிருக்கும் நெறிக்கட்டிகளுக்கோ பரவியது. அதில் வெகு சிலருக்குத்தான் கத்தி. மற்றவர்களுக்கு மருந்து. கீமோ என்பது நோயின் அணுக்களைக் கொல்வது, கூடவே நல்லதையும் கொஞ்சம் கொல்லும். இன்னொன்று, உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் ஊசி. நோயின் ரகத்தைப் பொறுத்து அது சிலருக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு விலையைக் கேட்டாலே மயக்கம் வரும். நாலாவது கட்டம், மறுபக்கத்துக்கோ வயிற்றுக்கோ வேறு உறுப்புக்கோ போய்விட்டது. அதிலும் மருந்து உண்டு, நீர் வடிப்பது உண்டு, வலியைக் குறைக்க மார்ஃபின் உண்டு, குறிப்பிட்ட இடத்து வலிக்குக் கதிர்வீச்சு உண்டு. "கட்டம் எதுவானாலும் செய்யறதுக்கு ஒண்ணு இருக்கும். ஆனா எல்லாக் கட்டத்திலயும் எல்லாத்தையும் செய்யக் கூடாது" என்றார்.

"எனக்கு எதும்மா?"

"மூணு. ரகம் கொஞ்சம் சாது. நான் ஆபரேஷன் சொல்ல மாட்டேன். கீமோ கொடுக்கலாம்."

"ஒரு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

அவர் என் கண்ணைப் பார்த்தே பேசினார். "அப்ப எந்தக் கட்டத்துல இருந்ததுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. தெரிஞ்சிருந்தா யோசிக்க இன்னும் ரெண்டு வழி இருந்திருக்கலாம்."

ரேவதி தூளியில் கிடந்த அறையும் அதே அறைதான் என்று சொன்னேன். அவளுக்கும் வருமா என்று கேட்டேன். வாய்ப்பு குறைவு, பயந்துகொண்டே வாழ வேண்டாம், ஆனால் எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும் என்றார். ரேவதி இப்போது அதைப் பர்ஸில் எழுதி வைத்திருக்கிறாள்.

நீர் திரும்பத் திரும்பக் கோத்ததால் அதையும் அடைத்தார்கள். இரண்டு சவ்வுக்கும் நடுவே டால்க் பவுடரைத் தூவி அவற்றை ஒட்ட வைப்பது. முகத்துக்குப் போடுவோமே, அந்தச் சாதி மாவுதான், சுத்தம் செய்தது. தூசியால் வந்த நோய்க்கு உள்ளே இன்னொரு தூசி! கேட்டபோது சிரித்தேன். அப்புறம் வந்த வலியில் சிரிப்பு போய்விட்டது.

கீமோ தேதி குறித்தாயிற்று. மருந்தின் கடுமை குறைய முந்தின வாரமே பி12 ஊசியும் போட்டாயிற்று. அப்போது தனபால், "அடைச்சும் கொஞ்சம் தண்ணி நிக்கிதாம், இன்னொரு வாட்டி எடுக்கணும், ஒரு நாள் தங்கணும்" என்று சொல்லி என்னை மறுபடி நந்தனத்துக்குக் கூட்டிப்போனார். நம்பிப் போனேன். அறை கொடுத்தார்கள், கையில் ஊசி மாட்டினார்கள். மத்தியானம் ஒரு நர்ஸ் வந்தாள்.

"ராத்திரி பத்து மணிக்கு மேல தண்ணிகூட குடிக்கக் கூடாதும்மா. காலையில முதல் ஆபரேஷன் உங்களுதுதான்."

"இன்னா ஆபரேஷன்?"

அவள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஓடிப்போய் சர்ஜனைக் கூட்டிவந்தாள். இளைஞர், வாசனையாக இருந்தார். "உங்க ஹஸ்பெண்ட் எல்லாம் பேசிட்டாரேம்மா. கையெழுத்தும் போட்டுட்டார். அந்த உறையை எடுத்துடப் போறோம்."

"மூணாவது கட்டத்துக்கு இத செய்வீங்களா?"

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "கொஞ்சம் எல்லைக்கோட்டுல இருக்கீங்க. உங்க ஹஸ்பெண்ட் ரொம்பக் கெஞ்சினார்..."

"அப்ப அவரு நெஞ்சத் தொறந்து உரிங்க. என்னுத விடுங்க."

கட்டிலிலிருந்து இறங்கினேன். டாக்டர் சொல்லைக் கேளாமல் என் பொறுப்பில் போகிறேன் என்று ஒரு தாள் நீட்டினார்கள். ஒரு வருடத்தில் என் நோய்க்கு நானே போட்ட முதல் கையெழுத்து அதுதான். கை ஊசியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தால், வாசலில் தனபால் ஒரு கையில் இளநீரோடு நிற்கிறார். ஆட்டோவில் ஏறினேன். அவரும் ஏறினார். அண்ணா சாலை நெரிசலில் வண்டி நகரவில்லை.

"எனக்குத் தெரியாம அறுக்க ஏற்பாடு பண்ணிக்கினு, எளநி வாங்கியாந்தியா?"

"எதாச்சும் பண்ணணும் இல்லமே. சும்மா உட்டுட முடியுமா?"

"அந்தம்மா வேணான்னு சொன்னது காதுல வுழல?"

தேனாம்பேட்டை சிக்னலில் சொன்னார். "பட்டறை மொதலாளி சொன்னாரு. கடைசியா அந்த ஷீட்ட நிறுத்தறப்ப. 'இது நெஞ்சுக்கு ஆவாது தனபாலு, வூட்ல பொம்பளைங்க கையில குடுக்காத'ன்னு. அப்பவே சொல்லிக்கீறாரு."

"எப்ப?"

"நீ வெட்டறத வுட்டு ஒரு மாசம் ஆயிருக்கும். அதான் வுட்டாச்சே, எதுக்கு சொல்லிக்கினுன்னு..." இளநீரை மடியில் வைத்து உருட்டினார். "டாக்டர் கேட்டப்ப வாயில வரல. நான்தானே கொண்டாந்து போட்டேன். ஆபரேஷன் பண்ணா சரியாப்பூடும், உனக்குத் தெரியவே வேணாம்னு நெனச்சேன்."

அவர் பாவம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இருபது வருடம் தெரிந்து வைத்திருந்திருக்கிறார். எனக்கு இருமல் வந்தபோது தெரியும், டி.பி. மாத்திரை விழுங்கியபோது தெரியும், பேரனை நான் விரட்டியபோது தெரியும். அவர் குற்றத்தைக் கழுவ என் நெஞ்சைத் திறக்கப் பார்த்தார். "உன்ன மன்னிக்க மாட்டேன். சாவுறவரைக்கும் கோவமாத்தான் இருப்பேன்" என்றேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

கீமோ ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நாற்காலியில் சாய்ந்தபடி, இரண்டு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். பக்கத்து நாற்காலியில் மயிலாப்பூர் மாமி ஒருத்தி, மார்பகத்தில் வந்தது. முதல் நாளே என் முகத்தைப் பார்த்து ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். "உப்பு நார்த்தங்காய். நாக்குல ஒரு துண்டு அடக்கிக்கோ, அந்த இரும்பு ருசி மட்டுப்படும். எங்காத்துல எல்லாரும் அழுதுண்டிருக்கா. இங்க வந்தாத்தான் எனக்கு நிம்மதி." அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

வீட்டில் தனபால் சமைக்கிறார். முப்பத்தாறு வருடத்தில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவர், ரேவதியிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கஞ்சி வைக்கிறார், பூண்டு ரசம் வைக்கிறார். நான் வாந்தி எடுத்த பாத்திரத்தை முகம் சுளிக்காமல் கழுவுகிறார். சாப்பிட்டேன். மன்னிக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தினமும் காலையில் கஞ்சித் தம்ளரைக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பார். "இன்னும் கோவமா, மே?"

"ஆமா."

"சரி" என்று போய்விடுவார். ஒரு நாள் தவறாமல் இது நடந்தது. சில நாள் ஆமாவோடு நிறுத்தாமல் அரைமணி நேரம் வைவேன். நின்று கேட்டுக்கொண்டு போவார்.

மூன்றாவது கீமோ முடிந்து பத்தாவது நாள். தம்ளரோடு வந்து அதே கேள்வியைக் கேட்டார். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

"இல்லய்யா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ போய் சாப்புடு."

நிஜமாகவே கோபம் இல்லை. பயமும் இல்லை, வலியும் இல்லை, யார் மேலும் எதுவும் இல்லை. அப்படியே கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று சுகமாக இருந்தது. அதன்பிறகு எனக்கு நினைவில்லை. மீதியை ரேவதியும் நர்ஸும் சொல்லித்தான் எழுதுகிறேன்.

தனபால் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, சட்டைகூட மாற்றாமல் வெளியே ஓடியிருக்கிறார். ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்து, என்னைக் குழந்தை மாதிரித் தூக்கிப் போட்டுக்கொண்டு அடையாறுக்குப் போயிருக்கிறார். அவசரப் பிரிவில் ஒரு சின்ன டாக்டர் கேட்டிருக்கிறார்.

"என்ன பண்ணுது? காய்ச்சலா? வாந்தியா? மூச்சு வாங்குதா?"

"தெரியல சார்."

"அப்புறம் எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"கோவம் இல்லன்னு சொல்லுது சார்."

குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாராம் அந்த டாக்டர். அதற்குள் நர்ஸ் வைத்த தெர்மாமீட்டர் நூற்று மூன்றைத் தாண்டியிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. கீமோவுக்குப் பிறகு கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் குறையும், எனக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அரை நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை எல்லோருக்கும் சொல்லித்தான் அனுப்புவார்கள். எனக்குக் காய்ச்சல் அடிப்பது எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் வரை விட்டிருந்தால் கூட்டிக்கொண்டு வந்து பிரயோஜனம் இருந்திருக்காது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம் கண் திறந்தேன். கையில் ஊசி, மூக்கில் குழாய். கட்டில் பக்கத்து ஸ்டூலில் தனபால், மூன்று நாள் தாடியோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குனிந்து பார்த்தேன். வீட்டிலிருந்து ஓடிவந்த அதே வெறுங்கால்.

"இன்னாய்யா மூஞ்சியப் பாத்துக்கினு கீற? செருப்பு எங்க? ஆஸ்பத்திரில வெறுங்காலோட நிக்கிறியே, அறிவு கீதா உனக்கு? நீயும் படுத்துக்கினா யாரு பாக்கறது?"

அவர் எழுந்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டும் சத்தம் அடங்கவில்லை. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க, அந்த மனுஷன் ஓவென்று அழுதார். நர்ஸ் ஓடிவந்து எனக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. மூச்சு வாங்க வாங்கத் திட்டிக்கொண்டே இருந்தேன்.